கோமகன் ஓட்டோவின் திதி

1998ஆம் ஆண்டு கார்த்திகை மாதக் கடைசியில், ரொறொன்ரோவின் மல்வேர்னில் ஒன்பதாம் மாடியில் குடியிருந்த ஜெயமலருக்கு, அறுநூற்றைம்பது வருடங்களுக்கு முந்திச் செத்துப்போன ஒரு ஜேர்மன் கோமகனின் திதியைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்ற வெறி பிடித்தது.

பிடித்ததென்றால் சும்மா பிடிக்கவில்லை. கேக் ஃபக்டரியில் பெல்ற்றில் வருகிற பெட்டிகளை மூடிக்கொண்டே மனதுக்குள் வருடங்களைப் பெருக்கினாள். ஃபக்டரி இருந்த மார்க்கம் நகரத்திலிருந்து வீட்டுக்கு வரும் பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு தரிப்புப் போய்விட்டாள். கணவர் சண்முகலிங்கம் புட்டுக்குக் கறி எங்கே என்று கேட்டபோது, “தேய்பிறை” என்று பதில் சொன்னாள்.

அவளுடைய தொழிலே அப்படி. பகலில் கேக். பின்னேரத்தில் கல்வெட்டு. எங்கள் சனத்தில் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகத்தைத்தான் கல்வெட்டு என்கிறோம். செத்தவருடைய படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்ச மரம், அதோடு செத்த திதியைச் சொல்லும் ஒரு வெண்பா. யாழ்ப்பாணத்தில் கணக்கு ரீச்சராக இருந்தவள் ஜெயமலர். தமிழையும் விட்டுவிடாமல் படித்தவள். கணக்கும் வெண்பாவும் ஒரே தலைக்குள் கிடந்ததால், ரொறொன்ரோவுக்கு வந்த அடுத்த வருடமே ஸ்காபரோவில் அச்சகம் வைத்திருந்த அலெக்ஸாண்டர் அவளைப் பிடித்துக்கொண்டார். ஐந்து வருடத்தில் நூற்று நாற்பது பேரை அவள் எழுதி அனுப்பிவைத்துவிட்டாள் என்று அவர் பகிடி விடுவார்.

துக்கவீட்டுக்குப் போனால் அவள் மூன்று விஷயம்தான் கேட்பாள். ஆர் பெத்தது, ஆரைக் கட்டினது, என்ன திதி. முதல் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஆறு பேர் பதில் சொல்வார்கள். மூன்றாவதுக்கு ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். எல்லாரிடமும் இருப்பது இங்கிலீஷ் தேதி. அதுவும் நாற்பது வருடத்துக்கு முந்திச் செத்த பேரனின், அதாவது தாத்தாவின், திதியைக் கேட்டு ஒஸ்லோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஆட்கள் ரெலிபோன் எடுக்கும்போது, அந்த வருடத்துப் பஞ்சாங்கத்துக்கு அவள் எங்கே போவாள்? ஆகவே தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தாள். தெரிந்த ஒரு பூரணையைப் பிடித்து, இருபத்தொன்பதரை நாளும் கொஞ்சமுமாகப் பின்னுக்கு எண்ணிக்கொண்டு போவது. கசியோ கல்குலேட்டரும் ஒரு பென்சிலும் போதும்.

அந்த வழியில் அவள் ஒரேயொரு தரம்தான் வழுக்கினாள். மிசிசாகாவில் இருந்த ஒரு மகனுக்கு, ஊரில் தகப்பன் செத்த செய்தி ரொறொன்ரோ நேரம் செவ்வாய் இரவு வந்தது. ஊரில் அப்போது புதன் காலை. அவள் செவ்வாயை வைத்துத் திதி எழுதிவிட்டாள். மூன்று வருடம் கழித்துப் பழைய கொப்பியைப் புரட்டும்போது அது கண்ணில் பட்டது. இரண்டு பஸ் மாறி மிசிசாகாவுக்குப் போய், அந்த மனிதனின் வாசலில் நின்று பிழையைச் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. கதவைப் பிடித்தபடி கேட்டான்.

“அப்ப அக்கா, அப்பா மூண்டு வருஷமும் வந்து பாத்திட்டுப் பசியோட போயிருப்பரோ?”

அதற்குப் பிறகு ஒரு தேதியை இரண்டு தரம் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்கியதில்லை.

கோமகன் ஓட்டோ அவளுடைய வாழ்க்கைக்குள் வந்தது கனடாவுக்கு முந்தி. 1985இல் அவளும் சண்முகலிங்கமும் ஆறு வயது மகள் கஜனியும் ஜேர்மனியில் அகதியாக இறங்கியபோது, ஹார்ஸ் மலையடிவாரத்தில் வைடன்ஸ்ரைன் என்ற ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். ஒரு தெரு, ஒரு ஆறு, ஒரு மாதா கோயில். அகதிகள் வேலைக்குப் போகக்கூடாது. ஆனால் ஊருக்குப் பொதுவான வேலை செய்யலாம் என்று, ஜெயமலரைக் கோயில் துடைக்கப் போட்டார்கள். ஏழு வருடம் துடைத்தாள். அந்தக் கோயிலின் இடது பக்கத்தில்தான் ஓட்டோ கிடந்தார். கல்லில் செதுக்கிய ஆள், நீட்டி நிமிர்ந்து, மூக்கு உடைந்து, காலடியில் ஒரு நாய். வெள்ளிக்கிழமைதோறும் அவருடைய கண்குழிக்குள் விரலை விட்டுத் தூசி எடுப்பாள். சொந்தத் தகப்பனுக்குக்கூட அவள் இப்படிப் பணிவிடை செய்ததில்லை.

வாசலில் வைத்திருந்த துண்டுப் பிரசுரத்தை அகராதியோடு வாசித்து வாசித்துத்தான் அவள் ஜேர்மன் படித்தாள். அதனால் ஓட்டோவின் கதை அவளுக்குப் பாடமாகிவிட்டது. ஒரு துக்கவீட்டில் கேட்டு எழுதினதுபோல அதைச் சொல்லுவாள்.

பழைய கோமகனுக்கு நான்கு ஆண்பிள்ளைகள். ஓட்டோ மூன்றாவது. தகப்பன் கண்ணை மூடமுன் சொத்தைப் பிரித்தார். மூத்தவனுக்குக் கோட்டை. இரண்டாமவனுக்கு வெள்ளிச் சுரங்கம். கடைக்குட்டி மடத்துக்குப் போய் ஆயரானான். ஓட்டோவுக்குக் கிடைத்தது கோமகன் என்ற பட்டமும், ஒரு குதிரையும், வைடன்ஸ்ரைன் ஆற்றுப் பாலத்தின் சுங்கமும். ஊர்ச்சனம் அவருக்கு வைத்த பெயர் நிலமில்லாத ஓட்டோ. மனுஷன் ஒவ்வொரு தமையன் வீட்டிலும் மாறி மாறி விருந்தாளியாக இருந்தார். பிறகு மாமனார் வீட்டில். பிறத்தியாருக்காக நான்கு சண்டைக்குப் போனார். நான்கிலும் அவர் நின்ற பக்கம் தோற்றது. இரண்டு பெண்பிள்ளைகள், இருவரும் கன்னியாஸ்திரிகள். மனைவியின் பெயர் யூட்டா.

இந்த இடத்தில்தான் பிரசுரத்தின் குரல் மாறும். கல்லில் ஓட்டோவுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் கிடக்கிற அளவுக்கு வெறுமையாக ஓர் இடம். அங்கே யூட்டா இல்லை. 1344இல் அவள் ஓர் அயலூர்ப் பிரபுவைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். ஓட்டோ செத்ததோ 1349இல், கொள்ளைநோயில். புருஷன் உயிரோடு இருக்க இன்னொருவனுக்குக் கழுத்தை நீட்டினவள் என்று ஊர் அவளைக் கோயிலுக்கு வெளியே வைத்துவிட்டது. சுற்றுலாக்காரரைக் கூட்டிவருகிற ஆட்கள் அந்த வெற்றிடத்தைக் காட்டி ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். துடைப்பத்தோடு நிற்கிற ஜெயமலருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. ஆனால் அவளும் அப்போது அதை நம்பினாள்.

கனடாவுக்கு வந்த பிறகும் அந்தக் கோயில் பாதிரியார் ஹெல்விக் அவளை மறக்கவில்லை. கோயில் செய்தித்தாள் மூன்று மாதத்துக்கு ஒருக்கால் மல்வேர்னுக்கு வந்துகொண்டிருந்தது. அந்தக் கார்த்திகையில் வந்த தாளில்தான் அறிவித்தல் இருந்தது. வருகிற ஆவணியில் கோமகனின் 650ஆவது நினைவு விழா. பழைய கல் தேய்ந்துபோனதால் புதுக் கல் பதிக்கப்போகிறார்கள். அதில் வரப்போகிற வாசகமும் போட்டிருந்தது. ‘நிலமில்லாத ஓட்டோ. மனைவியால் கைவிடப்பட்டு 1349இல் இறந்தார்.’ தை மாதக் கடைசியில் கல் வெட்டக் கொடுக்கிறார்கள். கார்த்திகை, தை, ஆவணி என்று எங்கள் சனம் சொல்வது நவம்பர், ஜனவரி, ஓகஸ்டைத்தான்.

தாளின் மறுபக்கத்தில், தேய்ந்த கல்லில் உண்மையில் என்ன இருக்கிறது என்று விளக்கம். ரோமன் இலக்கத்தில் 1340 வரைக்கும் தெளிவு. அதற்குப் பிறகு கல் உடைந்துபோயிற்று. கடைசி இலக்கம் ஒருவருக்கும் தெரியாது. கொள்ளைநோய் வந்த வருடம் என்பதால் 1349 என்று பிற்காலத்தில் யாரோ எழுதிவைத்தது. அதற்குக் கீழே, அந்தக் காலத்துத் துறவி ஒருவர் எழுதிவைத்த குறிப்பையும் முதல்முறையாக முழுமையாகப் போட்டிருந்தார்கள்: ‘மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு மறுநாள் கோமகன் இறந்தார். பாலம் இல்லாததால் மேற்துறை வழியாகச் சுற்றித் தூக்கிவந்தோம். பொழுது பட்டதும் நிலவு முழு வட்டமாக எழுந்து நின்றது. ஒரு பந்தமும் கொளுத்தவில்லை.’

ஜெயமலர் குசினி மேசையில் கையை ஊன்றிக்கொண்டு எழும்பிவிட்டாள்.

முழு வட்டம். பூரணை. மாதா திருநாள் ஓகஸ்ட் பதினைந்து, மறுநாள் பதினாறு. இங்கிலீஷ் மாதம் தெரியும், தேதி தெரியும், திதி தெரியும். தெரியாதது வருடம் மட்டும். வாழ்நாள் முழுக்கத் தேதியைக் கொடுத்துத் திதி கேட்டார்கள். இப்போதுதான் ஒருவர் திதியைக் கொடுத்து வருடம் கேட்கிறார். பத்தே பத்து வருடம். அதில் எந்த வருடம் ஓகஸ்ட் பதினாறில் பூரணை வருகிறதோ அதுதான் அவர் செத்த வருடம். அது 1344க்கு முந்தியதாக இருந்துவிட்டால் யூட்டா விதவை. விதவை மறுமணம் செய்தால் அதில் யாருக்கு என்ன குற்றம்?

ஆனால் அந்த வாசகத்தை வெட்டிவிட்டால் கல்லாயிற்றே. கடதாசியில் பிழைத்தால் அடுத்த பதிப்பில் திருத்தலாம். கல்லில் வெட்டினால் இன்னும் அறுநூறு வருடத்துக்கு அந்த மனுஷி ஓடிப்போனவள்தான்.

சண்முகலிங்கத்துக்கு இதை விளங்கப்படுத்த அவளுக்கு ஒரு முழுப் பின்னேரம் பிடித்தது. அவர் பார்க்கிங் லொட்டில் காவல் வேலை பார்ப்பவர். நின்று நின்று கால் வீங்கி, சுடுதண்ணிக்குள் காலை வைத்துக்கொண்டு கேட்டார்.

“உமக்கு எங்கட ஆக்கள் செத்தது காணாதே? வெள்ளைக்காரன்ர செத்தவீட்டையும் ஏன் தலையில தூக்கிறீர்?”

“ஏழு வருஷம் அந்தாளின்ர மூஞ்சையத் துடைச்சனான். எனக்கு உரித்து இருக்கு.”

“அப்ப செத்தவீட்டுத் துடக்கும் இருக்கோ? கோயிலுக்குப் போகலாமோ நாளைக்கு?”

அவர் சிரித்தார். ஆனால் அடுத்த நாள் வேலையால் வரும்போது பெரிய இலக்கங்கள் கொள்ளுகிற புதுக் கசியோ ஒன்று வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அது தேவையாகத்தான் இருந்தது. நாற்பது வருடத்துப் பேரனுக்கு இருபத்தொன்பது தசம் ஐந்து மூன்று போதும். அறுநூற்றைம்பது வருடம் என்றால் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பூரணைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மயிரிழை பிசகினாலும் கடைசியில் ஐந்து நாள் பிசகும். நூலகத்துக்குப் போய் வானசாத்திரப் புத்தகத்தில் ஐந்து தசமதானம் வரைக்கும் எழுதிவந்தாள். ஒரு சனிக்கிழமை முழுவதும் இருந்து பத்து வருடத்தையும் போட்டாள். 1349 தேய்பிறை, நடுச்சாமத்துக்குப் பிறகுதான் நிலவே வரும். 1345 சரிவரவில்லை. 1342 சரிவரவில்லை. 1340க்கு வந்தபோது கசியோ காட்டிய இலக்கத்தைப் பார்த்துப் பென்சிலைக் கீழே வைத்தாள். ஓகஸ்ட் பதினாறு, அச்சொட்டாகப் பூரணை.

அன்றைக்கே கடிதம் எழுதினாள். ஓட்டோ செத்தது 1340இல், யூட்டா நான்கு வருடம் விதவையாக இருந்தவள், தயவுசெய்து கல்லை மாற்றுங்கள். திங்கட்கிழமை விடிய, வேலைக்குப் போகிற வழியில் தபாலில் போட்டாள். அந்தக் கிழமை முழுவதும் ஃபக்டரியில் அவளுடைய பெல்ற்றில்தான் கேக் கூடுதலாக ஓடியது.

நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, இரண்டு நாள் முந்திப் பதில் வந்தது. ஹெல்விக் பாதிரியார் அன்பாகத்தான் எழுதியிருந்தார். அவள் முயற்சியைப் பார்த்துச் சபையே வியந்ததாம். ஆனால் 1341 வைகாசியில் ஓட்டோ ஒரு மா ஆலையை விற்று முத்திரை வைத்த பத்திரம் மடத்தில் இருக்கிறது. செத்தவர் பத்திரம் எழுதமாட்டார் அல்லவா? அந்தப் பத்திரத்துக்குப் பிறகு அவர் பெயர் எந்தக் கடதாசியிலும் இல்லை. மனைவி போன துக்கத்தில் கதவடைத்து இருந்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உங்கள் குடும்பத்துக்கு எங்கள் நத்தார் வாழ்த்துகள்.

ஜெயமலர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். மிசிசாகாக் கதவில் நின்ற அதே ஆளாக மறுபடியும் ஆகிவிட்டாள். தேதி பிழைத்தவள். அதுவும் இந்தமுறை கடல் தாண்டி, கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்பிப் பிழைத்தவள். கணக்கை நான்கு தரம் திருப்பிப் போட்டாள். நான்கு தரமும் 1340தான் வந்தது. கணக்கு சரி, விடை பிழை. ஒரு கணக்கு ரீச்சருக்கு இதைவிடப் பெரிய வாதை இல்லை.

தை பிறந்தது. அது ரொறொன்ரோவில் பனி கொட்டி, கடைசியில் ஆமிக்காரரைக் கூப்பிட்டு வழிக்கச் சொன்ன தை மாதம். ஆறாம் திகதி புதன்கிழமை, பெல்ற்றில் பாதிப் பேர் இல்லை. பஸ் ஓடவில்லை. வந்திருந்தவர்களில் ஒருத்தி ஒக்சானா, உக்ரேன்காரி, ஜெயமலருக்கு எதிரில் நின்று கேக்குக்கு நாடா கட்டுபவள். அவள் சுப்பர்வைசரிடம் போய் நாளைக்கு லீவு வேண்டும் என்றாள். ஆளில்லாத நேரத்தில் லீவு என்ன லீவு என்று அவன் குதித்தான். நாளைக்குத் தனக்கு நத்தார் என்றாள் ஒக்சானா. நத்தார் முடிந்து இரண்டு கிழமையாயிற்றே, எத்தனை நத்தார் உனக்கு என்றான் அவன்.

ஒக்சானா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பெல்ற் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். எங்கள் கோயில் பழைய கலண்டர். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க அந்தக் கலண்டரில்தான் இருந்தது. பிறகு நீங்கள்தான் பத்து நாளைத் தூக்கி எறிந்துவிட்டு முன்னுக்குப் பாய்ந்தீர்கள். தேதியைக் குழப்பினது நீங்கள், நாங்கள் இல்லை.

ஜெயமலரின் கையில் இருந்த பெட்டி அப்படியே நின்றது. அவளுக்கு முன்னால் கேக்குகள் மூடியில்லாமல் ஒன்று, இரண்டு, ஐந்து என்று போய்க்கொண்டிருந்தன.

அந்தக் காலத்தில் உலகம் முழுக்க.

துறவி எழுதிய ஓகஸ்ட் பதினாறு, அவள் கசியோவில் போட்ட ஓகஸ்ட் பதினாறு இல்லை. அவர் பழைய கலண்டர்க்காரர். இவள் பஞ்சாங்கக்காரி. பஞ்சாங்கம் நாளைத் தூக்கி எறிவதில்லை, நிலவும் எறிவதில்லை. ஆகையால் இங்கிலீஷ்காரரும் எறியமாட்டார்கள் என்று நினைத்து, இன்றைய கலண்டரிலேயே அறுநூற்றைம்பது வருடம் பின்னுக்கு நடந்துபோய்விட்டாள். சுப்பர்வைசர் கத்துவது காதில் விழ ஒரு நிமிஷம் சென்றது. அவள் ஓடிப்போய் ஒக்சானாவைக் கட்டிப்பிடித்தாள். ஒக்சானா, தன்னுடைய நத்தாருக்குத்தான் என்று நினைத்து, அவள் கன்னத்தில் மூன்று தரம் கொஞ்சினாள்.

வேலை முடிந்ததும் முழங்கால்வரை பனிக்குள் நூலகத்துக்கு நடந்தாள். கலைக்களஞ்சியத்தில் இருந்தது. பத்து நாளைத் தூக்கியது 1582இல். ஆனால் இரண்டு கலண்டருக்கும் உள்ள இடைவெளி எல்லாக் காலத்திலும் ஒன்றில்லை. பின்னுக்குப் போகப்போகக் குறையும். 1500க்கு முந்தி ஒன்பது நாள். 1400க்கு முந்தி எட்டு. ஓட்டோவின் காலத்துக்கு எட்டு நாள். மேசையிலேயே பழைய கொப்பியைத் திறந்து, பத்து வருடத்துக்கும் எட்டு எட்டு நாளாகத் தள்ளினாள். 1340இல் பூரணை எட்டாம் திகதிக்குப் போய்விட்டது. 1345இல் பதின்மூன்று, பதினாறாம் திகதிக்கு நிலவு மூன்று நாள் தேய்ந்திருக்கும், பொழுது பட்டு நெடுநேரம் இருட்டு. 1349இல் பதினாறாம் திகதி மூன்றாம் பிறை, நகக்கீறல் மாதிரி. அந்த வெளிச்சத்தில் பிணம் தூக்கினால் ஆற்றுக்குள்தான் விழவேணும்.

1342. ஓகஸ்ட் பதினாறு. வெள்ளிக்கிழமை. பூரணை.

பத்திரத்துக்குப் பிறகு. கலியாணத்துக்கு முந்தி. இரண்டுக்கும் நடுவில் கச்சிதமாக உட்கார்ந்தது. துக்கத்தில் கதவடைத்து ஒருவரும் இருக்கவில்லை. 1349 வரைக்கும் ஏழு வருடமும் அந்த ஆள் கல்லறைக்குள் இருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் இதை இனி யார் நம்புவார்கள்? ஒருமுறை பிழையாகச் சொன்ன கூட்டுகிற மனுஷி இரண்டாம்முறை வேறு வருடம் சொல்கிறாள். இன்றைக்கு 1342 என்பாள், அடுத்த கிழமை 1346 என்பாள் என்று கமிட்டிக்காரர் சிரிப்பார்கள். இரண்டு நாள் அவள் ஒன்றும் எழுதவில்லை. கடைசியில், தனக்குத் தெரிந்த ஒரே வழியில் எழுதுவது என்று முடிவெடுத்தாள். கடிதம் இல்லை, கல்வெட்டு. முன்பக்கத்தில் தன் பிழையையே முதலில் போட்டாள்: என்ன பிழைத்தது, ஏன் பிழைத்தது, எத்தனை நாளால் பிழைத்தது. அடுத்து பத்து வருடத்துக்கும் பூரணை அட்டவணை, யாரும் சரிபார்க்கிற மாதிரி. பிறகு ஓட்டோவின் வாழ்க்கை வரலாறு, வம்ச மரம், தமையன்மார், மாமனார், கன்னியாஸ்திரி மகள்கள். மனைவியின் இடத்தில் மனைவி. ஜேர்மனில் எழுதி முடித்த பிறகும் ஒரு இடம் காலியாக இருந்தது. சித்திரபானு வருடம், ஆவணி மாதம் என்று கணக்குப் பார்த்து, அதைத் தமிழில் எழுதினாள்.

சித்திர பானுவில் ஆவணிப் பூரணையில்
பத்தினி யூட்டாதன் நாயகனாம் - உத்தமன்
ஓட்டோ நிலமிலான் ஊரார் சுமந்தேக
வீட்டை யடைந்தான் விரைந்து.

இந்தக் கிழமை தபால் போகாது என்று எல்லாரும் சொன்னார்கள். ஃபக்ஸ் மெஷின் அலெக்ஸாண்டரின் அச்சகத்தில்தான் இருந்தது. சண்முகலிங்கம் பனி வழிக்கிற சவளை எடுத்துக்கொண்டு முன்னுக்குப் பனியை வெட்டி வெட்டி நடக்க, பின்னால் அவள் பைலை ஜக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். அலெக்ஸாண்டர் கடையைப் பூட்டிவிட்டுப் போகிற நேரம். கடதாசிகளை வாங்கி மேலோட்டமாகப் பார்த்தவர், வெண்பாவில் நின்றுவிட்டார்.

“தங்கச்சி, ஜேர்மன்காரனுக்கு உது விளங்குமே?”

“விளங்கத் தேவையில்லை அண்ணை. கல்வெட்டெண்டால் வெண்பா இருக்கவேணும்.”

“அதுவும் சரி. வெண்பா இல்லாட்டி ஆர் நம்புவினம், ஆள் செத்ததெண்டு?” என்றார் அவர். பதினொரு பக்கமும் ஒவ்வொன்றாக இழுபட்டு உள்ளே போய் வந்தது. ஒன்பதாம் பக்கத்தில் லைன் அறுந்தது. திரும்பவும் முதலிலிருந்து அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. ஒரு கிழமை. இரண்டு கிழமை. வேலை முடிந்து ஓடிவந்து ஆன்சரிங் மெஷினின் சிவப்பு வெளிச்சத்தைப் பார்ப்பாள். பாரிஸிலிருந்து ஒருவர், மாமியின் திதிக்காக. கஜனி, யூனிவர்சிட்டியிலிருந்து, உடுப்புத் தோய்க்கச் சனிக்கிழமை வாறன் என்று. வைடன்ஸ்ரைன் இல்லை. தை இருபத்தைந்து தாண்டியதும் அவள் கணக்குப் பார்ப்பதை நிறுத்தினாள். கல்வெட்டுக்காரன் உளியைக் கையில் எடுத்திருப்பான்.

தை முப்பது, சனிக்கிழமை காலை, அவள் தோசை சுட்டுக்கொண்டு நின்றபோது ரெலிபோன் அடித்தது. எடுத்தது சண்முகலிங்கம். இரண்டு சொல் கேட்டார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, “இஞ்சாரும், உம்மட கோமகன் வீட்டிலயிருந்து,” என்றார். அவருடைய முகத்தில் பகிடி இல்லை.

ஏழு வருடம் பேசாத ஜேர்மன். முதலில் சொற்களைத் தேடினாள். ஹெல்விக் பாதிரியார் அவளை அந்தரிக்க விடவில்லை. தானே சொல்லிக்கொண்டு போனார். ஃபக்ஸ் வந்தன்றைக்கே பள்ளிக்கூடத்துப் பௌதிக ரீச்சரிடம் கொடுத்தாராம். கணினியில் போட்டுப் பார்க்க அந்த மனுஷனுக்குப் பத்து நாள் நேரம் கிடைக்கவில்லை. போட்டுப் பார்த்ததும் இரவிலேயே வந்து கதவைத் தட்டினாராம். 1342, ஓகஸ்ட் பதினாறு, முழுநிலவு, சந்தேகமில்லை. அதைக் கேட்டபோதுதான் பாதிரியாருக்கு அந்தப் பாலம் ஞாபகம் வந்திருக்கிறது. ‘பாலம் இல்லாததால் சுற்றிவந்தோம்’ என்று துறவி எழுதியதை அவ்வளவு காலமும் ஒருவரும் யோசிக்கவில்லை. 1342 ஆடியில்தான் அந்த நாடு முழுவதும் பெருவெள்ளம் வந்து பாலங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனது. ஓட்டோவுக்கென்று இருந்த ஒரே சொத்து அந்தப் பாலம். அதுவும் போய் ஒரு மாதத்துக்குள் மனுஷன் செத்திருக்கிறார்.

ஜெயமலர் சுவரில் சாய்ந்துகொண்டாள். அடுப்பில் தோசை கருகிற மணம் வந்தது. சண்முகலிங்கம் ஓடிப்போய் அடுப்பை நிறுத்திவிட்டு, அதே வேகத்தில் திரும்பிவந்து பக்கத்தில் நின்றார். அவருக்கு ஜேர்மன் பாதி மறந்துபோயிற்று. அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

கல்? கல்லைப் பற்றி அவள் கேட்டாள்.

கல் இன்னும் வெட்டவில்லை என்றார் பாதிரியார். புதன்கிழமைதான் சபை கூடியது. விழாக் கமிட்டிக்காரருக்கு ஆத்திரம். 650 என்று போஸ்டர் அடித்து, பியர்க் கூடாரத்துக்கும் சொல்லிவைத்த பிறகு, இப்போது 657 என்றால் யார் வருவார்கள் என்று ஒருவர் மேசையில் அடித்தாராம். ஒன்றரை மணித்தியாலம் சண்டை. கடைசியில், பொய் வருடத்துக்குப் பியர் குடிக்க முடியாது என்று கல்வெட்டுக்காரனே சொல்லிவிட்டானாம். வாசகத்தில் ‘மனைவியால் கைவிடப்பட்டு’ வராது. வருடம் 1342. கீழே இரண்டாவது வரியில் அவளுடைய பெயரும் வரும்.

இன்னொன்று இருக்கிறது என்றார். வருடாவருடம் இறந்த ஆன்மாக்களின் நாளில் அந்தக் கோயிலுக்கு உதவினவர்களின் பெயர்களைப் பூசையில் வாசிப்பது வழக்கம். பழைய பட்டியலில் ஓட்டோவின் பெயர் இருக்கிறது. அதற்கடுத்த பெயர் சுரண்டி அழிக்கப்பட்டிருக்கிறது. அதை இந்த வருடத்திலிருந்து திரும்பவும் வாசிக்கப்போகிறார்கள். ஆனால் பாதிரியார், பூசைக்கு உதவுகிற பையனாக இருந்த காலத்திலிருந்தே அந்தப் பெயரைத் தாண்டி வாசித்துப் பழகினவர். நாக்கு தன்பாட்டில் அடுத்த பெயருக்கு ஓடிவிடும் என்று பயப்படுகிறார். நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள், நான் ஒருக்கால் வாசித்துப் பார்க்கிறேன், சரியா என்று சொல்லுங்கள் என்றார்.

அவர் தொண்டையைச் செருமினார். ஒன்பதாம் மாடியில், கையில் தோசைக் கரண்டியோடு, ஜெயமலர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

“கோமகன் ஓட்டோ,” என்று அவர் வாசித்தார். ஒரு கணம் தயங்கினார். “அவருடைய மனைவி யூட்டா.”

அவள் ஜேர்மனில் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது தமிழ்.

“ஓம்,” என்றாள். “ஓம், ஓம். சரி.”

மறுமுனையில் அவர் சிரித்தார். அதற்கு மொழிபெயர்ப்பு அவருக்குத் தேவைப்படவில்லை. பட்டியலின் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.